சட்டையின் தரமும் அளவை நூலும்

ஆடவர் அணியும் முழுக்கைச் சட்டை ஒன்று நல்லதா என்பது கடைவீதிக்கு மட்டுமே உரிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு விடை தேடுவோர் இந்திய மெய்யியல் மரபுகள் பல நூற்றாண்டுகளாக விவாதித்த ஒரு சிக்கலுக்குள் தம்மை அறியாமலே நுழைந்துவிடுகின்றனர். சட்டையின் நன்மை அதன் பயனில் விளங்குவது. பயனோ, பலமுறை உடுத்தித் துவைத்துத் தேய்த்த பின்னரே முழுமையாக வெளிப்படுவது. வாங்கும் கணத்தில் அந்நன்மை கண்ணுக்கு மறைந்தே இருக்கிறது. மறைந்திருக்கும் ஒன்றைப் புலனாகும் ஒன்றைக் கொண்டு அறிய இயலுமா, இயலுமெனின் அவ்வறிவு எத்துணை உறுதியுடையது என்பதே அளவை நூல்களின் நடுவான வினா. அளவை என்பது மெய்யறிவைப் பெறும் வழி. வடநூலார் இதனைப் பிரமாணம் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவனையும் உயிரையும் பற்றிப் பேசப் புகுமுன் அளவையையே முதலில் ஆராய்கிறது. பிறர் பலவாக விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அது அடக்குகிறது. காட்சி புலன்வழி அறிவு; கருதல் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணரும் அனுமானம்; உரை நம்பத்தக்கார் சொல்.

இந்த ஆய்வுக்குச் சட்டையை எடுத்துக்கொள்வது வலிந்து செய்யும் பொருத்தம் அன்று. நூலும் துணியும் நியாய, வைசேடிக மரபினரின் வாயில் ஓயாமல் வழங்கிய எடுத்துக்காட்டுகள். காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவைப் பேசும் இடங்களில், குடத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் நாடியது துணியையே. நூலில் துணி முன்னரே மறைந்திருக்கிறது என்று சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ள, நெய்வதற்கு முன் இல்லாத துணியே புதிதாகத் தோன்றுகிறது என்று நையாயிகர் மறுத்தனர். இழைகளின் கூட்டத்துக்கு அப்பால் துணி என்று தனிப்பொருள் எதுவும் இல்லை என்றனர் பௌத்தர். தறியின் ஓசையை அன்றாடம் கேட்ட ஒரு நாகரிகத்தின் சிந்தனையாளர்கள், பொருளின் இயல்பைப் பாவிலும் ஊடையிலும் தேடியதில் வியப்பில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது, தரம் என்பது பொருளில் இருக்கும் ஒன்றா என்பது. வைசேடிக மரபின் பிற்கால நூல்கள் குணங்களை 24 என வகுக்கின்றன. நிறம், சுவை, மணம், ஊறு, எண், அளவு, சேர்க்கை, பிரிவு, எடை எனச் செல்லும் அப்பட்டியலில் துணியின் வெண்மை உண்டு, மென்மை உண்டு, வளைத்துவிட்டால் பழைய நிலைக்கு மீளும் இயல்பும் உண்டு. 'நல்லது' என்னும் குணம் இல்லை. ஆகவே நன்மையை வெண்மையைப் போலச் சுட்டிக் காட்ட இயலாது. அதனாலேயே அது காண்பவர் மனத்தின் விருப்பம் மட்டுமே என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. பிரியப்போகும் தையல், பார்ப்பவர் எவ்வளவு விரும்பினாலும் பிரியவே செய்யும். இவ்விரண்டுக்கும் இடையே மீமாஞ்சகர் காட்டும் ஒரு வழி உண்டு. தீக்குச் சுடும் ஆற்றல் இருப்பது போலப் பொருள்களில் சத்தி என்னும் கட்புலனாகா ஆற்றல் உறைகிறது என்றும், அது விளைவைக் கொண்டே அறியப்படும் என்றும் அவர்கள் கூறினர். நையாயிகர் இதனை ஏற்கவில்லை; காரணங்கள் குறைவறக் கூடி, தடையும் இல்லாதிருப்பதே ஆற்றல் எனப்படுகிறது, அதற்குமேல் மறைபொருள் ஒன்று வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. சட்டையைப் பொறுத்தவரை நையாயிகர் பக்கமே நியாயம் இருக்கிறது. சட்டையின் நன்மை அதன் இழை, நெசவு, வெட்டு, தையல் ஆகிய காரணங்களின் நன்மையே. அவற்றைக் கடந்து பெட்டியிலும் பெயர்ச்சீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மாயம் எதுவும் இல்லை.

அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் காரணத்தை மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் துணியையே சான்றாகத் தருகிறது. எதனில் ஒன்றிக் காரியம் தோன்றுகிறதோ அது சமவாயி காரணம். துணிக்கு இழைகள் அத்தகையவை. அவ்விழைகளின் சேர்க்கை அசமவாயி காரணம். தறியும் நெய்வோரும் நிமித்த காரணம். இந்தப் பகுப்பைத் துணியிலிருந்து சட்டைக்கு ஒரு படி உயர்த்திப் பார்த்தால், வெட்டிய துண்டுகள் சமவாயி காரணமாகவும், அவற்றை இணைக்கும் தையல் அசமவாயி காரணமாகவும், தைப்பவர் நிமித்த காரணமாகவும் அமைகின்றனர். நையாயிகர் மேலும் ஒன்று கூறுவர்: சேர்க்கை அழிந்தால், உறுப்புகள் அழியாமல் இருந்தபோதும் பொருள் அழியும். துணி கிழியாமல் இருக்கத் தையல் விட்டுப்போன சட்டையைக் கண்டோர் இக்கூற்றின் உண்மையை மறுக்கமாட்டார். கடையில் சட்டையை எடுப்போர் பெரும்பாலும் துணியைத் தடவிப் பார்த்து அமைகின்றனர். சட்டையைச் சட்டையாக்கும் காரணமோ உட்புறத்தில், பக்கத் தையலின் மடிப்புக்குள் கிடக்கிறது.

துணியை மட்டும் மதிப்பிடுவதிலும் எளிய அளவுகோல் கைகொடுப்பதில்லை. பஞ்சாலை வழக்கில் நூலின் நுண்மையைக் கவுண்ட் எண்ணால் குறிப்பர். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அந்த எண்ணிக்கையே கவுண்ட். நூறாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டுப் பஞ்சு 84,000 கெஜம், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எண் ஏற ஏற நூல் மெலிகிறது, துணி பட்டுப்போல் வழுவழுக்கிறது, விலையும் ஏறுகிறது. எனினும் இருநூறாம் நம்பர் நூலால் நெய்த சட்டை நூறாம் நம்பர்ச் சட்டையைவிட நல்லது என்று கொள்வது தவறு. மெல்லிய துணி எளிதில் கசங்கும், உடலை ஊடுருவிக் காட்டும், காலர் மடிப்பிலும் கைப்பட்டியின் விளிம்பிலும் விரைவில் தேயும். இரண்டு இழைகளை முறுக்கி ஒன்றாக்கிய இரட்டை நூலைப் பாவுக்கும் ஊடைக்கும் இட்டு நெய்தால் மென்மையோடு உறுதியும் சேரும். ஆனால் அட்டையில் பெரிய எண்ணைக் காண்போர் இரட்டையா ஒற்றையா என்று கேட்பது அரிது. எண் ஒரு குணத்தைச் சொல்கிறது, நன்மையைச் சொல்லவில்லை.

இங்கிருந்து சிக்கல் கருதலளவைக்குள் செல்கிறது. புகையைக் கண்டு தீயை உணர்வது அனுமானத்தின் பழைய உதாரணம். அதில் புகை ஏது, தீ அறியப்படுவது, புகையுள்ள இடமெல்லாம் தீ உண்டு என்னும் தவறாத உடனிகழ்வு வியாத்தி. வியாத்தி தளர்ந்தால் ஏது ஏதுவாகாது, ஏதுப்போலியாகும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விரிக்கும் பௌத்த தருக்கத்தில் ஏதுப்போலிகள் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படுகின்றன. இவற்றுள் அநைகாந்திகம் என்பது, அறிய விரும்பும் பண்பு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் நிறுவாத ஏது. சட்டைகளைப் பற்றிய கைநூல்கள் தரும் அடையாளங்களுள் பல இக்குற்றம் உடையவை.

முதுகின் மேற்புறத்தில் இரு தோள்களையும் இணைக்கும் பட்டையைத் தையற்காரர் யோக் என்பர். உயர்ந்த சட்டைகளில் இது நடுவில் இணைத்த இரண்டு துண்டுகளால் ஆனது. அதற்குக் காரணம் இருந்தது: இரு துண்டாக வெட்டும்போது ஒவ்வொன்றையும் கிராஸாக, அதாவது இழையோட்டத்துக்குச் சாய்வாக வெட்ட முடியும், சாய்வாக வெட்டிய துணி சற்றே நெகிழ்வதால் கையை முன்னே நீட்டும்போது தோள் இறுகாது, ஒரு தோள் தாழ்ந்தவருக்கு அத்தோளை மட்டும் தனியே சரிசெய்யவும் இயலும். இன்று ஆயத்தச் சட்டைகள் பலவற்றில் யோக்கின் நடுவே தையல் ஓடுகிறது. துண்டுகளோ நேர்வெட்டாகவே இருக்கின்றன. எவர் தோளுக்கும் அளவெடுக்கப்படவும் இல்லை. காரணம் போய் அடையாளம் மட்டும் எஞ்சி நிற்கிறது. பக்கத் தையல் முடியும் இடத்தில் வைக்கும் சிறு முக்கோணத் துண்டும் அப்படியே: அவ்விடம் கிழியாமல் காக்கப் பிறந்த அது, இப்பொழுது பெரும்பாலும் உயர்வைப் பறைசாற்றும் வேலையைச் செய்கிறது. சிப்பிப் பட்டன் இன்னும் சிந்திக்க வைப்பது. முத்துச்சிப்பி போன்றவற்றின் ஓட்டிலிருந்து கடைந்தெடுக்கும் அது தொட்டால் குளிரும், ஒளியில் பல நிறம் காட்டும், அழகில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் சலவைக்கடை இயந்திரத்தில் நெகிழிப் பட்டனைவிட எளிதில் விளிம்பு உடையக்கூடியது. அது சட்டை நீடித்து உழைக்கும் என்பதற்குச் சான்றன்று. செய்தவர் செலவுக்கு அஞ்சவில்லை என்பதற்கே சான்று. அந்தச் செலவையும் மட்டமான சட்டையொன்றில் ஏழெட்டுப் பட்டன்களோடு முடித்துக்கொள்ள முடியும்.

இவற்றுக்கு எதிரே வேறுவகை ஏதுக்கள் நிற்கின்றன. நல்ல சட்டையில் தையல் ஓர் அங்குலத்துக்கு 18 முதல் 22 வரை அமையும். மலிவானதில் 10 அல்லது 12 இருக்கலாம். ஓட்டம் நெருங்க நெருங்க நேரம் கூடுகிறது, பிழையைத் திருத்துவது கடினமாகிறது. பக்கத் தையலை ஒற்றை ஊசியால் ஒருமுறை ஓட்டி, மடித்து, மறுபடி ஓட்டி முடிப்பது ஒரு முறை. இரட்டை ஊசி எந்திரத்தால் ஒரே ஓட்டத்தில் இரு வரிசை போடுவது மற்றொரு முறை. பின்னது விரைவானது, ஆனால் சில சலவைகளுக்குப் பின் தையல் நெடுகச் சுருக்கு விழச் செய்வது. இங்கு அடையாளத்துக்கும் நன்மைக்கும் உள்ள தொடர்பு வெறும் உடனிகழ்ச்சி அன்று. நெருங்கிய தையல் உறுதியின் அறிகுறி மட்டுமன்று, உறுதியின் ஒரு பகுதியே அதுதான். பௌத்த அளவை நூலாரான தர்மகீர்த்தி, ஏதுக்களை வகுக்கும்போது விளைவாக நின்று காரணத்தை அறிவிக்கும் காரிய ஏதுவையும், பொருளின் இயல்பாகவே நின்று அறிவிக்கும் சுவபாவ ஏதுவையும் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவின் பயன் இங்கே தெளிவாகிறது. இயல்பாக நிற்கும் ஏதுவைப் போலி செய்ய முனைபவர் உண்மையையே செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கத் தைத்தது போல் காட்ட, நெருங்கத் தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: மெல்லிய துணியில் அளவுக்கு மீறி ஊசி இறங்கினால் துளைகளே துணியை நலிவிக்கும். ஆகவே அடையாளங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதால் மதிப்பிடும் திறன் வாய்ப்பதில்லை. ஒவ்வோர் அடையாளமும் எந்தக் காரணத்தால் நன்மையோடு பிணைந்தது, அந்தப் பிணைப்பு இந்தச் சட்டையில் இன்னும் அறாமல் இருக்கிறதா என்று வினவுவதால்தான் வாய்க்கிறது. வியாத்தி இயற்கையில் தானாக நிற்பது. மனிதர் செய்பொருளில் அதைத் தாங்கி நிற்பது செய்வோரின் நேர்மை.

அந்த நேர்மை தளரும்போது நேர்வதைச் சட்டையின் வரலாறே காட்டுகிறது. ஐரோப்பாவில் நெடுங்காலம் சட்டை உள்ளாடையாக இருந்தது. காலரும் கைப்பட்டியும் மார்பின் ஒரு பகுதியுமே வெளியே தெரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ட்ராய் நகரம் கழற்றி மாட்டும் காலர்களால் பெயர்பெற்றது. சட்டையைத் துவைக்காமல் காலரை மட்டும் நாள்தோறும் வெளுத்து மாட்டிக்கொள்ள முடிந்தது. கஞ்சியிட்ட மார்புத் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மேலே கோட்டால் மூடிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. காட்சிக்கு எட்டும் பகுதி முழுச் சட்டையின் ஏதுவாக நின்ற காலத்தில், ஏது மட்டும் தனியே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைய நிலையும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. தேய்க்க வேண்டாத சட்டை என விற்கப்படுபவற்றில் பல, பருத்தியின் செல்லுலோசு மூலக்கூறுகளைப் பிசினால் ஒன்றோடொன்று பிணைத்துக் கசங்காமல் செய்யப்பட்டவை. அந்தப் பிணைப்பு இழையின் வலுவைக் குறைக்கிறது. தோற்றம் நிலைக்க, உள்ளீடு விலையாகக் கொடுக்கப்படுகிறது. காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் துணியைத் தைத்து நிறுத்துவதற்கு மாறாக, சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டிவிடும் ஃபியூசிங் முறை சரியாகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். மலிவாகச் செய்தால் பசை விட்டுக் காலரில் கொப்புளம் எழும். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே நிமிர்ந்து நிற்கும். காட்சியளவை இவ்விடத்தில் பொய்க்கவில்லை. தனக்கு எட்டாததைச் சொல்லும்படி அது கேட்கப்படுகிறது, அவ்வளவே.

காட்சியும் கருதலும் எட்டாத இடத்தில் உரை வருகிறது. பருத்தி இழை நீளமாக இருந்தால் நூலில் இழைமுனைகள் குறையும், பிசிறு எழாது, வலுக் கூடும். எகிப்தின் கீசா வகைகளும், கோயம்புத்தூரில் உருவாக்கப்பெற்று 1974இல் வெளியிடப்பட்ட சுவின் வகையும் இதனாலேயே போற்றப்படுகின்றன. ஆயினும் நெய்து முடித்த துணியைத் தொட்டு, இது கீசா, இது சுவின் என்று வாங்குவோர் கூற முடியாது. சீட்டில் எழுதியதை நம்ப வேண்டியதுதான். 2016இல் அமெரிக்கப் பெருவணிக நிறுவனம் ஒன்று, எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் தான் விற்ற படுக்கை விரிப்புகள் பல இலட்சம் வேறு பருத்தியால் ஆனவை என்று கண்டறிந்து, அவற்றைத் தந்த ஆலையோடு உறவை முறித்தது. நம்பத்தக்கார் உரையே அளவையாகும் என்று நூலோர் வரையறுத்ததன் கருத்து இதுவே: உண்மையை அறிந்தவராகவும், அறிந்ததை ஒளிக்காதவராகவும் இருப்பவரே அத்தகையர். அறிவு மட்டும் போதாது, ஒளிக்காமையும் வேண்டும். 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய பொருளியல் ஆய்வு, வாங்குவோரால் நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாத சந்தையில் நல்ல பொருளே மெல்ல வெளியேறிவிடும் என்று நிறுவியது. அறிவின் குறை அறத்தின் குறையாகி, பிறகு பொருளின் குறையாகவே விளைகிறது.

செய்பொருளைக் கொண்டு செய்தவரை உணர்வது, சமய மெய்யியலில் மிக உயர்ந்த பயனுக்கு எடுத்தாளப்பட்ட அனுமானம். உலகம் காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும், ஆகவே இறைவன் உண்டு என்று உதயணர் நியாய குசுமாஞ்சலியில் வாதிட்டார், மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதல் நூற்பாவிலேயே இவ்வழியில் செல்கிறது. பௌத்தர் இதற்குத் தடை எழுப்பினர்: காரியத்திலிருந்து ஒரே கர்த்தாவை, அதுவும் எல்லாம் அறிந்த கர்த்தாவைப் பெறுவது எங்ஙனம்? பலர் கூடி ஒன்றைச் செய்வதையும் உலகில் காண்கிறோமே என்றனர். ஆடை ஆலையில் இத்தடை மிகுந்த வலுவோடு எதிர்ப்படுகிறது. அங்கே ஒருவர் காலர் மட்டும் தைக்கிறார், ஒருவர் கைப்பட்டி, ஒருவர் காஜா எடுக்கிறார், ஒருவர் பட்டன் வைக்கிறார். முழுச் சட்டையைச் செய்தவர் என்று எவரும் இல்லை. சட்டையில் காணும் கவனம் யாருடைய கவனம் என்றால், தைத்தவரின் கைத்திறத்தையும், அவருக்கு ஒரு தையலுக்கு எத்தனை நொடி தரப்பட்டது என்பதை முடிவுசெய்தவரின் மனத்தையும் ஒருங்கே சொல்ல வேண்டும். அங்குலத்துக்கு 20 ஓட்டம் விழுந்திருப்பது, தைத்தவருக்கு அதற்குரிய நேரம் வழங்கப்பட்டது என்பதையும் அறிவிக்கும் ஏதுவாகிறது. கூலி நியாயமாக இருந்ததா என்பதை எந்தத் தையலும் சொல்லாது. சட்டையின் தரத்தைப் பேசும் நூல்கள் இக்கேள்வியைத் தொடாமலே செல்வது பெருங்குறை; கர்த்தாவை விட்டுவிட்டுக் காரியத்தின் நன்மையை அறிய முயல்வதாக அது முடிகிறது.

சமய மரபுகள் பல, தைத்த ஆடையைப் புனித இடத்தின் வாயிலிலேயே நிறுத்திவிட்டன என்பதும் இங்கு எண்ணத்தக்கது. திருச்செந்தூரிலும் கேரளத்துக் கோயில்கள் பலவற்றிலும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்தே வழிபடுகின்றனர். மக்காவுக்குச் செல்லும் ஆடவர் இஹ்ராம் நிலையில் தைக்கப்படாத இரண்டு துணிகளையே உடுத்துகின்றனர். பௌத்த விநயமோ இன்னும் நுட்பமான வழியை மேற்கொண்டது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் காட்டி, அதுபோலத் துண்டுகளை இணைத்துத் துறவியர் ஆடையான சீவரத்தைச் செய்யுமாறு புத்தர் ஆனந்தருக்குக் கூறியதாக மகாவக்கம் சொல்கிறது. வெட்டுண்ட துணிக்குத் திருடரிடத்தும் மதிப்பு இல்லை என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. சந்தை மதிப்பு இவ்வாறு வேண்டுமென்றே அழிக்கப்பட்ட போதிலும், தையலின் செம்மை கைவிடப்படவில்லை. ஊசி, விரற்கவசம், துணியை விரித்துக் கட்டித் தைக்கும் 'கடினம்' என்னும் சட்டகம் ஆகியவற்றுக்கெல்லாம் விநயத்தில் விதிகள் உண்டு. ஒட்டுப்போடுவதும் கடமையாகச் சொல்லப்படுகிறது. பிறர் கண்ணுக்காக நிற்கும் அடையாளத்தைத் துறந்து, உடலைக் காக்கும் நன்மையை மட்டும் வைத்துக்கொண்ட அந்தச் சீவரம், அநைகாந்திக ஏதுவை ஆடையிலிருந்தே நீக்கிவிட்டது. சந்தையில் நிற்கும் சட்டைக்கு அந்த விடுதலை இல்லை. அது ஒருவரால் விரும்பப்பட்டாக வேண்டும்.

எனவே சட்டையை மதிப்பிடுவோர் கடைசியில் காலத்திடமே செல்ல வேண்டியிருக்கிறது. முதல் சில சலவைகளில் காலரின் மேற்றுணியும் உட்கேன்வாஸும் ஒரே அளவாகச் சுருங்கினவா, பக்கத் தையல் நேராக நிற்கிறதா, பட்டன் நூல் பிரியாமல் இருக்கிறதா என்பவை கருதலால் பெற்றதைக் காட்சியால் சரிபார்க்கும் சோதனைகள். அவற்றுக்கு முன் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் இடைக்காலத் தீர்ப்பே. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் மற்றொரு நன்மை தெரியவருகிறது. காலர் மடிப்பு தேய்ந்ததும் அதைப் பிரித்து, உட்புறம் வெளியே வரத் திருப்பித் தைக்கும் வழக்கம் தையற்கடைகளில் நெடுங்காலம் இருந்தது. அளவெடுத்துத் தைக்கும் கடைகள் சில, பழுதுபார்க்க உதவும் என்று அதே துணியில் மிச்சம் எடுத்து வைத்தன. தன் பொருள் தேயும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, தேய்ந்தபின் திருத்துவோருக்கு இடம்விட்டுத் தைத்தவரின் எண்ணத்தை எந்தப் பெயர்ச்சீட்டும் அறிவிப்பதில்லை. சட்டையை உட்புறம் திருப்பி, மடிப்புக்குள் எவ்வளவு துணி விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.